ஓட்டக் கணக்கை எதில் எழுதுவது?

கேள்வி: எனக்கு வயது 38. மூன்று மாதமாக வாரத்துக்கு நான்கு நாள் காலையில் ஓடுகிறேன். வரும் ஜனவரியில் சென்னை மாரத்தானில் 10 கி.மீ. பிரிவில் ஓட ஆசை. தினமும் ஓடுவதைப் பதிவு செய் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் எதில் என்பதில்தான் குழப்பம். நண்பர்கள் ஆளுக்கொரு ஆப் சொல்கிறார்கள். ஒருவர் ஜிபிஎஸ் வாட்ச் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார். அப்பாவோ, வீட்டில் சும்மா கிடக்கும் டைரியில் எழுது போதும் என்கிறார். எதை எடுக்கட்டும்?
- வாசகர், தாம்பரம்

பதில்: அப்பா சொல்வதில் விஷயம் இருக்கிறது. 2022-இல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் மாரத்தான் ஓடி உலக சாதனை படைத்தாரே, கென்யாவின் எலியுட் கிப்சோகே, அவர் 2003-லிருந்தே தன் பயிற்சியை நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி வருகிறவர். அதற்காக ஆப் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆப்பா டைரியா என்பதற்கு முன்னால், ஆறு மாதம் கழித்து அதைத் திறந்து எதைத் தேடப்போகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். ஓட ஆரம்பித்த இரண்டாவது வருஷம் வலது முட்டியின் வெளிப்பக்கம் வலி வந்தது. போனில் ஒவ்வொரு ஓட்டமும் பதிவாகியிருந்தது, தேதி, தூரம், நேரம், போன பாதை எல்லாம். பிசியோதெரபிஸ்ட் மூன்றே கேள்வி கேட்டார்: வலி எப்போதிலிருந்து, ஓடும்போதா ஓடி முடித்த பிறகா, அதற்கு முந்தைய வாரம் எதை மாற்றினீர்கள்? ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் உடம்பு எப்படி இருந்தது என்று நான் எங்கேயுமே எழுதவில்லை. அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன். அடுத்த வருஷம் அதே வலி திரும்ப வந்தபோது பக்கங்களைப் புரட்டினால், மூன்று வாரமாக "முட்டி வெளிப்பக்கம் லேசா" என்று அங்கங்கே எழுதியிருக்கிறது, எல்லாமே ஏரிக்கரை ரோட்டில் ஓடிய நாட்கள். அந்த ரோடு ஓரத்தில் நன்றாகச் சரியும். எதிரே வரும் வண்டி கண்ணில் படவேண்டும் என்று போகும்போதும் வரும்போதும் வலது ஓரமாகவே ஓடுவேன், அதனால் எப்போதும் வலது கால்தான் பள்ளத்தில். பள்ளி மைதானத்துக்கு மாறினேன், சில வாரத்தில் வலி அடங்கியது. எல்லோருடைய முட்டி வலிக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. எழுதி வைத்ததால்தான் எனக்குப் பிடிபட்டது.

அதனால் ஒரு வரி போதும், ஆனால் உடம்பைப் பற்றியும் இருக்க வேண்டும். என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கும்: "செவ்வாய், 5.20, மைதானம், 6 கி.மீ., 43 நிமிடம், கஷ்டம் 4, தூக்கம் 5 மணி, பயங்கர புழுக்கம், நீல ஷூ, முட்டி சரி." இதை எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது.

அந்த "கஷ்டம் 4" என்ன என்று கேட்பீர்கள். ஓடி முடித்து ஒரு அரை மணி நேரம் கழித்து, மொத்த ஓட்டமும் எவ்வளவு சிரமமாக இருந்தது என்று 10-க்கு ஒரு மதிப்பெண் போடுவது. கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க விளையாட்டு அறிவியல் ஆய்வாளர் பரப்பிய முறை இது. அந்த எண்ணை ஓடிய நிமிடத்தால் பெருக்கினால் அன்றைய சுமை கிடைக்கும். நிதானமாக 40 நிமிடம், கஷ்டம் 3 என்றால் 120. வேகமாக 30 நிமிடம், கஷ்டம் 7 என்றால் 210. கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும், உடம்பு செலவழித்தது வேறு. வாரக் கடைசியில் ஏழு நாளையும் கூட்டி, போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். திடீரென்று எகிறியிருந்தால் அடுத்த வாரம் குறைத்துக்கொள்ளலாம். இதற்கு ஒரு கருவியும் தேவையில்லை.

புழுக்கத்தை எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை உலராது, உடம்புச் சூடு இறங்காது, அதே முயற்சிக்கு வேகம் குறையும். சென்னையில் ஜனவரியில் ஓடிய வேகத்தை மே மாதத்தில் தேடினால் கிடைக்காது. வெறும் வேகத்தைப் பார்த்துவிட்டு, நமக்கு இது சரிப்படாது என்று விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும், அதுதான் வருத்தம். பக்கத்திலேயே புழுக்கம் என்று எழுதியிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

சரி, ஆப். தூரம், நேரம், பாதை, வார மாதக் கூட்டல், ஒரு ஷூ எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பது, இதெல்லாம் அதற்கு நன்றாக வரும். ஸ்ட்ராவாவோ வேறொன்றோ, தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறிப்பு எழுத இடம் இருக்கிறதா? உங்கள் கணக்கு முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள முடியுமா? இரண்டாவதைச் சும்மா சொல்லவில்லை. 2020 ஜூலையில் சைபர் தாக்குதலில், கார்மின் வாட்ச்களின் ஆப்பான கார்மின் கனெக்ட் சில நாட்கள் முடங்கியது, அப்புறம் சரியானது. ஆனால் நம் கணக்கின் ஒரு பிரதி நம் கையிலும் இருக்க வேண்டும் என்பது அன்றைக்குப் பலருக்கும் உறைத்தது. எக்செல் ஷீட்டும் நல்லதுதான், தினமும் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர் என்றால்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். தூரத்துக்கும் நேரத்துக்கும் ஏதாவது ஒரு இலவச ஆப், மற்றதெல்லாம் அப்பா கொடுக்கும் டைரியில். ஷூ கழற்றிவைக்கும் இடத்திலேயே டைரியையும் பேனாவையும் வையுங்கள். வாட்ச் இப்போது வேண்டாம். மணிக்கட்டில் ஒளியை வைத்து நாடி பார்க்கும் கருவி, பட்டை தளர்ந்தால் தப்பாகக் காட்டும், புதிதாக ஓடுகிறவர் அந்த எண்ணைப் பார்த்து வீணாகப் பயந்துபோகிறார். ஜனவரி ஓட்டம் முடியட்டும், அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தனியாக விடிகாலையில் ஓடுகிறேன். ஆப்பில் போடும் பாதையை வைத்து என் வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?
- வாசகி, மதுரை

பதில்: முடியும், இதில் அலட்சியம் வேண்டாம். ஓடுகிறவர்களின் பாதைகளையெல்லாம் சேர்த்து ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் உள்பாதைகள்கூடத் தெரிகின்றன என்று 2018 ஜனவரியில் பெரிய செய்தியே வந்தது. தினமும் ஒரே வாசலில் தொடங்கி அதே வாசலில் முடியும் கோடு எதைக் காட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கே ஆப்பின் அமைப்புகளுக்குப் போய், ஓட்டத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதியைப் போடுங்கள், அதைவிட நல்லது எல்லாவற்றையும் நீங்கள் மட்டும் பார்க்கும்படி வைப்பது. ஏற்கனவே பதிவான பழைய ஓட்டங்களையும் மாற்ற மறக்காதீர்கள். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: யாரும் பார்க்கவில்லை என்றால்தான் நிதானமாக ஓட வேண்டிய நாளில் நிதானமாக ஓடுவோம். ஆனால் வீட்டில் ஒருவருக்கு மட்டும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும், கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் ஒரு மணி நேரத்துக்கு லைவ் லொகேஷன் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: ஒன்றாகத்தான் ஓடினோம். என் போன் 10.2 கி.மீ. என்கிறது, நண்பரின் வாட்ச் 9.9 என்கிறது. எதை எழுதுவது?
- வாசகர், கோவை

பதில்: உங்கள் போன் சொல்வதையே எழுதுங்கள், எப்போதும் அதையே. மரத்தடியிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் ஜிபிஎஸ் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும், ஒரே கருவி என்றால் நேற்றையும் இன்றையும் ஒப்பிடவாவது முடியும். பந்தயத்தில் மட்டும் அமைப்பாளர்கள் சொல்லும் தூரத்தை எழுதுங்கள். முறைப்படி சான்று பெற்ற பாதையை அளவுக்கருவி பொருத்திய சைக்கிளில், ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள், தூரம் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். நாம் வளைவுகளில் வெளிப்பக்கமாகவும் கூட்டத்தை விலக்கியும் ஓடுவதால் நம் கருவி பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே காட்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு நாள் 400 மீட்டர் டிராக்கில், உள்வரிசையில் ஐந்து சுற்று ஓடிப் பாருங்கள். 2 கி.மீ.க்கு உங்கள் போன் எவ்வளவு காட்டுகிறதோ, அதை டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.