கதையை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. இங்கே மெல்பர்னில் ஒரு கிளப்பில் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து, ஆடுகிறான். போன மாதம் கடைசி நிமிடத்தில் அவன் செய்த தவறால் அணி தோற்றது. அன்றிலிருந்து, மெல்பர்ன் கிளப்பின் பழைய ஆட்டக்காரர் ஜிம் ஸ்டைன்ஸ் கதையை அவனுக்குச் சொல்லி வருகிறேன். "ஒரு விநாடி கவனம் பிசகினார், கிளப்பின் கனவே போச்சு, இன்றும் ஊர் அவரை அதற்காகத்தான் நினைக்கிறது" என்று. இப்போது பயிற்சிக்கே வரமாட்டேன் என்கிறான். கண்டிப்பு இருந்தால்தானே பிள்ளை முன்னுக்கு வருவான்?
– ஒரு தந்தை, மெல்பர்ன்

பதில்: ஐயா, அந்தத் தவறு நடந்தது உண்மை. ஆனால் நீங்கள் கதையை 1987 செப்டம்பரோடு நிறுத்திவிட்டீர்கள். அப்போது ஸ்டைன்ஸுக்கு 21 வயது. அவர் காலமானது 45 வயதில். இடையில் இருக்கும் 24 ஆண்டுகளை உங்கள் பிள்ளையிடம் மறைத்துவிட்டு, அவன் ஏன் பயப்படுகிறான் என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

அந்த நாளையே முதலில் ஒழுங்காகச் சொல்வோம். 1964க்குப் பிறகு மெல்பர்ன் கிளப் இறுதிச் சுற்றுப் பக்கமே போனதில்லை. 1987இல்தான் போனது, ஹாத்தார்ன் அணியை வென்றால் பட்டத்துக்கான கிராண்ட் ஃபைனல். கேப்டன் ராபி ஃப்ளவர் அந்தக் கிளப்புக்காக 272 ஆட்டங்கள் ஆடியவர், ஒரு கிராண்ட் ஃபைனல்கூடக் கண்டதில்லை, அந்த ஆண்டோடு ஓய்வு பெறப்போகிறார். ஆட்டம் முடியும் சைரனுக்குச் சில விநாடிகள் இருக்கும்போது மெல்பர்ன் 4 புள்ளி முன்னிலை. ஹாத்தார்னின் கேரி பக்கனாராவுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைக்கிறது. கோலிலிருந்து வெகு தூரம். ஸ்டைன்ஸ் தன் எதிராளியைத் துரத்திக்கொண்டு, உதைக்கப்போகிறவருக்கும் அவருக்கு எதிரே மார்க்கில், அதாவது குறித்த இடத்தில், நிற்கும் மெல்பர்ன் ஆட்டக்காரருக்கும் நடுவே குறுக்காக ஓடிவிட்டார். அது விதிமீறல். நடுவர் பக்கனாராவை 15 மீட்டர் முன்னால் கொண்டுவந்தார். சைரனுக்குப் பிறகு உதைத்த பந்து கோலானது. ஹாத்தார்ன் 80, மெல்பர்ன் 78.

சரி, தவறுதான். ஆனால் யார் செய்த தவறு என்று பாருங்கள். மூன்று வருஷத்துக்கு முன்புவரை டப்ளினில் உருண்டைப் பந்தோடு அயர்லாந்தின் கெய்லிக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்த பையன். 1984இல் 18 வயதில் வீட்டை விட்டு மெல்பர்னுக்கு வந்தவன், நீள்வட்டப் பந்தைப் பிடிக்கவும் உதைக்கவும் முதலிலிருந்து கற்றுக்கொண்டவன். இந்த ஊர்ப் பிள்ளைகள் ஆறு வயதில் பழகும் விதி, அவசரத்தில் அவன் கால்களுக்குத் தெரியவில்லை.

அப்புறம், யாரும் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. அன்று மெல்பர்ன் எடுத்தது 10 கோல், 18 பிஹைண்ட். நடுக் கம்பங்களுக்குள் போனால் ஆறு புள்ளி, கொஞ்சம் விலகினால் ஒன்று. அப்படி விலகியவை 18. அவற்றில் ஒன்றே ஒன்று உள்ளே போயிருந்தால் ஸ்டைன்ஸ் எங்கே ஓடினார் என்று இன்று யாரும் பேசமாட்டார்கள். அந்தப் பதினெட்டையும் மறந்த ஊர், ஒரு பையனின் ஓட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டது. உங்கள் மகனின் ஆட்டத்திலும் கடைசி நிமிடத்துக்கு முன்னால் எத்தனையோ நிமிடங்கள் இருந்தன. அவற்றில் மற்றவர்கள் தவறவிட்டதை எண்ணினீர்களா?

பயிற்சியாளர் ஜான் நார்தி அன்று அவரிடம் கோபத்தில் கத்தினார். நீங்கள் கேட்கும் கண்டிப்பு அது. ஆனால் அதே நார்தி அடுத்த ஆண்டு அவரை உட்காரவைக்கவில்லை, களத்தில் இறக்கினார். 1987இல் தொடங்கி 1998 வரை ஸ்டைன்ஸ் ஒரு ஆட்டம்கூடத் தவறாமல் தொடர்ந்து 244 ஆட்டங்கள் ஆடினார். அதற்கு முந்தைய சாதனை 202. அந்த 244க்குள்தான் நீங்கள் சொல்லும் ஆட்டமும் இருக்கிறது, ஐயா. பந்துக்காகக் குதித்து மோதி அடிபட்டுக்கொண்டே இருக்கும் ரக்மேன் இடத்தில் நின்று ஆடியவர் அவர்.

எல்லாம் உடனே சரியாகிவிடவும் இல்லை. 1988இல் கிராண்ட் ஃபைனலுக்குப் போனார்கள், அதே ஹாத்தார்னிடம் 96 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். 1991இல்தான் பிரவுன்லோ பதக்கம் வந்தது. லீகிலேயே சிறந்த, நேர்மையான ஆட்டக்காரர் என்று நடுவர்கள் வாக்களித்துத் தரும் பதக்கம் அது. நான்கு வருஷத்துக்கு முன் அவரைத் தண்டித்ததும் ஒரு நடுவர்தான்.

1994இல், ஆடிக்கொண்டிருக்கும்போதே, ரீச் என்ற அமைப்பைத் தொடங்கினார். யாருக்காகத் தெரியுமா? உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளுக்காக. தன்மேல் நம்பிக்கை இழந்த இளையோர் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச ஓர் இடம். அப்படிப்பட்டவரின் பெயரைச் சொல்லியே ஒரு பதின்மூன்று வயதுப் பையனை வீட்டுக்குள் முடங்க வைத்திருக்கிறீர்கள். எனக்கு வலிப்பது இதுதான்.

2008இல் மெல்பர்ன் கிளப் லட்சக்கணக்கான டாலர் கடனில் மூழ்கிக் கிடந்தபோது தலைவர் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டே அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவே வேலையைத் தொடர்ந்தார். 2010இல் கடன் அடைந்தது. 2012 மார்ச் 20 அன்று அவர் காலமானபோது விக்டோரியா மாநிலம் அரசு மரியாதையோடு, செயின்ட் பால் பேராலயத்தில் வழியனுப்பியது. எம்சிஜி மைதானத்துக்கு வெளியே சிலை நிற்கிறது, யாரா நதிக் கரையில் ஒரு பாலத்துக்கு அவர் பெயர். ஊர் அவரை எதற்காக நினைக்கிறது என்று நீங்கள் இருக்கும் ஊரிலேயே போய்ப் பார்க்கலாம்.

கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சிக்கு நேரத்துக்குப் போ, விதியைப் படி, தோற்ற ஆட்டத்தில் என்ன செய்தாய் என்று நீயே சொல் என்று கேளுங்கள், கறாராகவே கேளுங்கள். ஆனால் முதலில் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள், பாதிக் கதை சொன்னதற்கு. அடுத்த பயிற்சி நாளில் நீங்களே காரை எடுங்கள். போகிற வழியில், 1988இல் தொடங்கி மீதியைச் சொல்லுங்கள்.