நீதிபதியை நியமிப்பது யார், நீக்குவது யார்? புதிய ஜனநாயகங்களின் நீதிமன்றங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சர்வாதிகாரத்திலிருந்து வெளியே வரும் நாடுகள், இருக்கிற உச்ச நீதிமன்றத்தையே வைத்துக்கொள்ளாமல் தனியாக ஒரு அரசியல் சாசன நீதிமன்றம் அமைப்பது ஏன்?

பதில்: பழைய நீதிபதிகள் பழைய ஆட்சியின் நீதிபதிகள். முக்கியமான காரணம் இதுதான்.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். நிறவெறிச் சட்டங்களை அத்தனை ஆண்டுகள் அமல்படுத்தியவர்களிடமே புதிய உரிமைகளைக் காக்கும் வேலையைக் கொடுக்க முடியாது. ஒரே நாளில் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. அதனால் 1993-ன் இடைக்கால சாசனம் 11 நீதிபதிகள் கொண்ட புதிய நீதிமன்றம் ஒன்றை உருவாக்கியது. 1995-ல் பணியைத் தொடங்கி, அதே ஆண்டு மக்வான்யானே வழக்கில் மரண தண்டனையை ரத்து செய்தது. 11 பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஆனால் அவரவர் காரணத்தை அவரவர் தனித்தனியாக எழுதினார்கள். மக்களில் பெரும்பாலோர் மரண தண்டனையை ஆதரிக்கலாம், ஆனாலும் அது மட்டுமே இந்தக் கேள்வியைத் தீர்த்துவிடாது என்று தலைமை நிலையிலிருந்த சாஸ்கல்சன் நேராகவே சொன்னார்.

இதைவிட எனக்கு வியப்பானது 1996. அரசியல் நிர்ணய சபை இயற்றிய சாசனம், முன்பே ஒப்புக்கொண்ட 34 கோட்பாடுகளுக்குப் பொருந்துகிறதா என்று அந்த நீதிமன்றம் சோதித்தது. செப்டம்பரில், பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியது. சபை முணுமுணுக்காமல் திருத்திக் கொண்டுவர, டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. மண்டேலாவின் கட்சி பெரும்பான்மையோடு இருந்த காலத்தில் இது நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஜோஹன்னஸ்பர்க்கில் இன்று அந்த நீதிமன்றம் இருப்பது பழைய சிறை வளாகத்தில். விசாரணைக் கைதிகளை அடைத்துவைத்த கட்டடத்தை இடித்து, அந்தச் செங்கற்களையே நீதிமன்றச் சுவர்களில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: இந்தியாவில் அப்படித் தனி நீதிமன்றம் இல்லையே?

பதில்: இல்லை. அமெரிக்காவைப் போல, சாதாரண வழக்கைக் கேட்கும் நீதிமன்றமே சாசன வழக்கையும் கேட்கிறது. தனி நீதிமன்றம் என்ற முறை 1920-ல் ஆஸ்திரியாவில் சட்ட அறிஞர் கெல்சன் வகுத்தது. இரண்டு முறைகளும் நல்ல பலனும் தந்திருக்கின்றன, மோசமான பலனும் தந்திருக்கின்றன.

கேள்வி: ஒரு நாட்டின் நீதிமன்றம் உண்மையிலேயே சுதந்திரமானதா என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தீர்ப்பைப் படிக்கும் முன், நீதிபதியை யார் நியமித்தார்கள், யாரால் நீக்க முடியும், பதவிக்காலம் எவ்வளவு, மறுபடி நியமிக்கலாமா என்று பாருங்கள். இந்தப் பதிலை நான் இன்று பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

ஹங்கேரியின் அரசியல் சாசன நீதிமன்றம் 1990-களில் உலகிலேயே துணிச்சலானவற்றில் ஒன்று. எந்தக் குடிமகனும், தனக்கு நேரடிப் பாதிப்பு இல்லாவிட்டாலும், ஒரு சட்டத்தை எதிர்த்து அங்கே போகலாம். 2010-ல் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு வந்த அரசு அதை மூடவில்லை. நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் குழுவில் கட்சிகளுக்கு இருந்த சம இடத்தை மாற்றியது. நீதிபதிகளின் எண்ணிக்கையை 11-லிருந்து 15 ஆக்கியது. வரவு செலவு, வரிச் சட்டங்களில் நீதிமன்றத்தின் கையைக் கட்டியது. யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்ற வழியை அடைத்தது. மற்ற நீதிமன்றங்களில் ஓய்வு வயதை 70-லிருந்து 62-க்கு இறக்கியது. இந்த வயதுக் குறைப்பு ஐரோப்பியச் சட்டத்துக்கு விரோதம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ல் சொன்னபோது, பலருடைய நாற்காலியில் வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏறக்குறைய எல்லாமே முறைப்படி வாக்கெடுத்துச் செய்ததுதான். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: கேசவானந்த பாரதி வழக்கைச் சுருக்கமாகச் சொல்லுங்கள் சார், தேர்வு இருக்கிறது.

பதில்: 1973. 13 நீதிபதிகள், 7-க்கு 6. நாடாளுமன்றம் சாசனத்தின் எந்தப் பகுதியையும் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது அதற்கு உயிரான அம்சங்களை, அழிக்க முடியாது. மீதியைப் பாடநூலில் படியுங்கள்.

கேள்வி: எந்த வரியிலும் எழுதப்படாத 'அடிப்படைக் கட்டமைப்பை' ஏழு பேர் கண்டுபிடித்து, கோடிக்கணக்கானோர் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்தைத் தடுப்பதை ஜனநாயகம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: நியாயமான கேள்வி. ஜெர்மனி 1949-லேயே சில கோட்பாடுகளைத் திருத்தவே முடியாது என்று சாசனத்தில் எழுதிவைத்தது. இந்தியா எழுதவில்லை. எழுதாவிட்டாலும் திருத்தும் அதிகாரத்துக்குள்ளேயே ஒரு எல்லை இருக்கிறது என்ற வாதத்தை ஜெர்மானிய அறிஞர் டீட்ரிக் கான்ராட் 1965-ல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு உரையில் வைத்தார். அது வழக்கறிஞர்கள் வழியாக நீதிமன்றத்துக்கு வந்தது. வங்கதேசம் 1989-ல் இந்தக் கோட்பாட்டை ஏற்றது. கென்யாவின் உச்ச நீதிமன்றம் 2022-ல், எங்கள் சாசனத்திலேயே மக்கள் வாக்கெடுப்புக்கு வழியிருக்கும்போது இது தேவையில்லை என்று மறுத்தது. இரண்டும் பொறுப்பான முடிவுகளே.

நான் ஏன் ஆதரிக்கிறேன் என்றால், 1975. பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்கிறது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, அந்தத் தேர்தலை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்று 39-வது திருத்தம் வருகிறது. அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்பாட்டை வைத்துத்தான் ரத்து செய்தது. அது இல்லையென்றால் கையில் வேறு என்ன இருந்தது?

அதே வாசகர்: அதே நீதிமன்றம் அடுத்த ஆண்டே, நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று சொன்னதே! அப்போது கோட்பாடு எங்கே போனது?

பதில்: சரியான அடி. ஜபல்பூர் வழக்கு, 4-க்கு 1. மாறுபட்டு எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவர் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார், கன்னா ராஜினாமா செய்தார். 1973-லும் கேசவானந்தா தீர்ப்பு வந்த கையோடு மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டித்தான் நியமனம் நடந்தது. கோட்பாடு எழுத்தில் அப்படியே இருந்தது. நியமனம் வேறொரு கையில் இருந்தது. இதற்காகத்தான் நியமனத்தை முதலில் பாருங்கள் என்கிறேன்.

இன்னொரு வாசகர்: குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். சாசனத்தை உடைப்பதே நீதிமன்றமாக இருந்தால்? ஹோண்டுராஸ், பொலிவியா, எல் சால்வடோர் மூன்றிலும் அதிபர் மறுபடி நிற்பதற்கான தடையை எடுத்ததே நீதிபதிகள்தானே?

பதில்: குறுக்கிட்டது நல்லதே. கொலம்பியாவோடு சேர்த்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

கொலம்பியாவில் அதிபர் உரிபே மிகவும் செல்வாக்கானவர். மூன்றாம் முறை நிற்க வழிவிடும் வாக்கெடுப்புக்கு நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 2010 பிப்ரவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை நிறுத்தியது. சாசனத்தைத் திருத்தலாம், திருத்தம் என்ற பெயரில் வேறொரு சாசனத்தை வைக்க முடியாது என்றது. உரிபே ஏற்றுக்கொண்டார். அந்த ஒன்பது நீதிபதிகளை செனட் தேர்ந்தெடுக்கிறது என்றாலும், பெயர்ப் பட்டியல் அதிபரிடமிருந்து மட்டும் வருவதில்லை. இரண்டு உயர் நீதி அமைப்புகளும் அனுப்புகின்றன. எட்டு ஆண்டுப் பதவி, மறுநியமனம் கிடையாது. யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய தேவை குறைவு.

எல் சால்வடோரில் 2021 மே 1 அன்று, புதிய சட்டமன்றம் கூடிய முதல் நாளே, அரசியல் சாசன அமர்வின் ஐந்து நீதிபதிகளையும் நீக்கியது. செப்டம்பரில் அவர்கள் இடத்துக்கு வந்தவர்கள் அதிபர் மறுபடி நிற்கலாம் என்றார்கள். பொலிவியாவில் 2016 வாக்கெடுப்பில் மக்களே வேண்டாம் என்றார்கள். 2017-ல் தீர்ப்பாயம் சரி என்றது. அந்த நீதிபதிகள் மக்கள் வாக்கில் வந்தவர்கள்தான், ஆனால் வேட்பாளர்களை வடிகட்டிக் கொடுப்பது சட்டமன்றம்.

அடிப்படைக் கட்டமைப்பு பற்றிக் கேட்ட வாசகர்: அப்படியானால் கோட்பாடு வெறும் கத்தி, பிடிப்பவர் கையைப் பொறுத்தது என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆட்சியில் இருப்பவர் தன்னைத் தேர்தலுக்கும் சட்டத்துக்கும் மேலே வைத்துக்கொள்ளும் இடத்தில் மட்டும் அதை எடுக்க வேண்டும். இந்தியாவில் 2015-ல் நீதிபதிகள் நியமன ஆணையத்தை 4-க்கு 1 என்று ரத்து செய்தபோது, நீதிமன்றம் தன் நியமன அதிகாரத்தைத் தானே காத்துக்கொண்டது. அந்த ஆணையத்தின் அமைப்பைப் பற்றிய அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு மாற்றாக மிஞ்சிய கொலீஜியம், அதாவது மூத்த நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்வு செய்யும் முறை, பூட்டிய அறைக்குள் நடக்கிறது. அதை நான் ஆதரிக்க முடியாது. இந்த விவாதத்தை இதோடு நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுத்தால் என்ன?

பதில்: பொலிவியா பற்றி இப்போதுதான் எழுதினேன். மெக்சிகோவும் 2025 ஜூனில் அந்த வழியில் இறங்கியிருக்கிறது. அங்கேயும் வேட்பாளர் பட்டியலைத் தயாரிப்பது யார் என்று பாருங்கள்.

கேள்வி: அதிபர் தேர்தலையே நீதிமன்றம் ரத்து செய்தது உண்டா?

பதில்: கென்யா, 2017 செப்டம்பர் 1. மறுதேர்தலை எதிர்க்கட்சி புறக்கணித்தது, அதே அதிபர் வென்றார். மலாவியின் கதை வேறு. 2019 தேர்தலின் முடிவுத் தாள்களில் எண்களை வெள்ளைத் திருத்த மையால் அழித்து எழுதியிருந்தார்கள். அந்தத் தாள்கள் சாட்சியமாக வந்தன. 2020 பிப்ரவரி 3 அன்று ஐந்து நீதிபதிகளும் குண்டு துளைக்காத கவசம் அணிந்து வந்து, மணிக்கணக்கில் தீர்ப்பை வாசித்தார்கள். தேர்தல் செல்லாது. வெற்றிக்குப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும் என்றும் சொன்னார்கள். ஜூனில், மறுதேர்தலுக்குச் சில நாள் இருக்கும்போது, தலைமை நீதிபதியை ஓய்வுக்கு முந்தைய விடுப்பில் அனுப்ப அரசு முயன்றது. வழக்கறிஞர்கள் தெருவில் இறங்கினார்கள், நீதிமன்றம் தடை போட்டது. மறுதேர்தலில் எதிர்க்கட்சியின் சக்வேரா வென்றார். அரசு முதலில் கை வைக்கப் பார்த்தது எந்த இடத்தில் என்று கவனியுங்கள்.

கேள்வி: எங்கள் பாகப்பிரிவினை வழக்கு கீழ் நீதிமன்றத்தில் தோற்றுவிட்டது. அரசியல் சாசன அடிப்படையில் மேல்முறையீடு செய்யலாமா?

பதில்: உரிமையியல் வழக்கறிஞரை இன்றே பாருங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு.

கேள்வி: உலகிலேயே சிறந்த நீதிமன்றம் எது?

பதில்: இதே கேள்வி வேறு வேறு வார்த்தையில் நிறைய வந்திருக்கிறது. நாடுகளுக்கு மதிப்பெண் போட மாட்டேன். ரேங்க் கேட்பதை விட்டுவிட்டு ஒரு தீர்ப்பை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

கேள்வி: தீர்ப்பை அரசு நிறைவேற்றாவிட்டால் நீதிமன்றம் என்ன செய்ய முடியும்? அதனிடம் போலீஸும் இல்லை, பணமும் இல்லை.

பதில்: சில நேரம் ஒன்றும் செய்ய முடியாது. 1993-ல் நாடாளுமன்றத்தைக் கலைத்த அதிபர் யெல்ட்சினின் ஆணை சாசனத்துக்கு விரோதம் என்று ரஷ்ய நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே அந்த நீதிமன்றத்தை அவர் முடக்கிவைத்தார். மறுபடி வேலை தொடங்க 1995 ஆனது.

ஆனால் உத்தரவை எப்படி எழுதுகிறார்கள் என்பதில் நிறைய இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் க்ரூட்பூம் வழக்கில், 2000-ல், வீடற்றவர்களுக்கு அரசின் திட்டத்தில் இடமே இல்லாதது தவறு என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. கண்காணிப்பைத் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. வழக்கில் பெயர் இருந்த ஐரீன் க்ரூட்பூம் 2008-ல் இறக்கும்போதும் அவருக்குச் சரியான வீடு இல்லை. கொலம்பிய நீதிமன்றம் 2004-ல், உள்நாட்டுப் போரில் ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்களின் வழக்கில், தீர்ப்பு சொல்லிவிட்டு வழக்கை மூடவில்லை. அமைச்சகங்களுக்குக் கெடு விதித்து, அறிக்கை கேட்டு, பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகளையும் அதிகாரிகளையும் பொது விசாரணையில் எதிரெதிரே உட்காரவைத்தது. பின்தொடர்வதற்கென்றே பிறகு தனி அமர்வும் அமைத்தது. எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் அந்த மக்களுக்காக ஒதுக்கிய பணம் கூடியது, ஒவ்வொரு அமைச்சகமும் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.