சட்டக் கேள்வி-பதில்: இருபத்தொரு வயதுக்குள் ஒரு வழக்கு

ஏற்காடு வாசகி: காப்பித் தோட்டத்தில் மிளகு திருடியதாக என் மகன் மீது வழக்கு. அன்று அவனுக்குப் பதினேழு வயது பத்து மாதம், இப்போது பத்தொன்பது. எங்கே விசாரிப்பார்கள்?

பதினெட்டு வயது நிறையாதவர் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில். குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளின் வயதே கணக்கு. பள்ளிச் சான்றை உடனே தாக்கல் செய்யுங்கள். அது இல்லாதபோதுதான் பிறப்புச் சான்று, அதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை.

அம்மாப்பேட்டை வாசகர்: தம்பி மேல் கேஸ் போட்டிருக்கிறார்கள். ஜெயில் உண்டா?

எந்தப் பிரிவு, என்ன வயது, முன்வழக்கு உண்டா என்று ஒன்றுமே எழுதாமல் தீர்ப்பை மட்டும் கேட்கிறீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் படித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள். அதுவரை, வழக்கறிஞரிடம் பேசாமல் தம்பி எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கொண்டலாம்பட்டி வாசகர்: பத்தொன்பது வயதில் ஓர் அடிதடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டினேன். காவலர் பணி விண்ணப்பத்தில் அதை மறைக்கலாமா?

கூடாது. விவரம் உண்மையாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது; மறைத்தால் அதுவே உங்களை விலக்கத் தனிக் காரணமாகலாம்.

ஆனால் என் ஆற்றாமை வேறு. இருபத்தொரு வயது நிறையாதவரைச் சிறைக்கு அனுப்பும் முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும், அனுப்புவதானால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்று 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் 6-ஆம் பிரிவில் கட்டளையிடுகிறது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு அது பொருந்தாது. அந்தப் பாதுகாப்பு சிறைத் தண்டனைக்கு எதிரானது என்பதால், 'ஒப்புக்கொண்டு கட்டிவிட்டுப் போ' என்று யாரோ சொன்னதைக் கேட்டு அபராதம் கட்டுகிறவருக்கு அறிக்கையும் வருவதில்லை, எச்சரித்து விடுவிக்கும் 3-ஆம் பிரிவையோ நன்னடத்தையோடு இருப்பேன் என்று எழுதிக்கொடுக்கும் பிணைமுறியில் விடுவிக்கும் 4-ஆம் பிரிவையோ யாரும் நினைவூட்டுவதும் இல்லை. அவ்விரு பிரிவுகளின்கீழ் விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் சட்டத் தகுதியிழப்பை 12-ஆம் பிரிவு நீக்குகிறது. அபராதம் கட்டியவருக்கு நீக்குவதில்லை. விடுவிக்கப்பட்டவரும் வழக்கு விவரத்தை மறைக்கக்கூடாது என்பது வேறு.

அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில், அபராத ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததென்று பேருந்துக்கு ஓடிய ஓர் இளைஞரை எனக்குத் தெரியும். எழுத்துத் தேர்விலும் உடற்தகுதியிலும் வென்று, சரிபார்ப்பில் விலக்கப்பட்ட பின், மடிப்புகளில் கிழிந்திருந்த அதே ரசீதை என் மேசைமேல் விரித்து வைத்தார். ஒப்புக்கொண்ட வழக்கில் மேல்முறையீட்டுக்கான வாசல் மிகக் குறுகியது. வழக்கறிஞரிடம் பேசாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று நான் ஓயாமல் எழுதுவது இதனால்தான்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை உரிமையாளர்: வெள்ளி திருடிய இருபது வயதுப் பையனைப் பிணைமுறியில் விட்டுவிட்டார்கள். எனக்கு என்ன நியாயம்?

உங்கள் கோபம் நியாயமானது. இழப்பீடு கொடுக்க உத்தரவிட அதே நன்னடத்தைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதை அரசு வழக்கறிஞர் வழியாகக் கேட்டீர்களா? மூன்றாண்டு வரை நீளக்கூடிய பிணைமுறியை அவர் மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை உண்டு. அவர் உழைத்துச் சம்பாதித்தால்தான் உங்கள் பணமும் திரும்பும்.

ஓமலூர் வாசகர்: சிறார் வயதை இருபத்தொன்றாக உயர்த்த வேண்டுமா?

ஜெர்மனியில் பதினெட்டு முதல் இருபது வயதுவரை உள்ளவருக்கு, முதிர்ச்சியைப் பார்த்து, இளையோர் சட்டத்தையே நீதிமன்றம் பயன்படுத்தலாம். அந்த ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன். ஆனால் நம்மிடம் இருக்கும் 6-ஆம் பிரிவை முதலில் நடைமுறைப்படுத்துவோம்.

ஆத்தூர் வாசகி: வாய்தா வாங்கி வழக்கை இழுத்தால் என் மகனுக்கு நல்லதா?

இல்லை. 6-ஆம் பிரிவுக்குத் தண்டனை வழங்கும் நாளின் வயதே கணக்கு என்பது உச்ச நீதிமன்றத்தின் 1962-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இருபதில் கிடைக்கக்கூடிய பாதுகாப்பை இருபத்திரண்டில் உரிமையாகக் கேட்க முடியாது; நீதிமன்றத்தின் விருப்பத்துக்கு விடப்பட்ட 3, 4-ஆம் பிரிவுகளே மிஞ்சும்.