ரப்பர் விளையில குளோவர் போடலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் 2 ஏக்கர்ல பழைய ரப்பரை வெட்டிட்டு புதுசா கன்னு வச்சிருக்கேன் சார், மழைக்கு மேல்மண்ணு பூரா ஓடுது. வெளிநாட்டு வீடியோல மண்ணை மூடி வளர குளோவர்னு ஒரு சின்ன செடிய விதைக்கிறாங்களே, இங்க வருமா?

பதில்: வேண்டாங்க. குளோவர் குளிர் ஊரு செடி, ஊட்டில கூட பார்க்கலாம், ஆனா நம்ம சூட்டுக்கு நிக்காது. அது செய்ற வேலைய, அதாவது மண்ணை ஓடவிடாம மூடிக்கிறதையும், வேர் முடிச்சுல இருக்க ரைசோபியம் பாக்டீரியா மூலமா காத்துல உள்ள நைட்ரஜனைப் பிடிச்சு மண்ணுக்குக் குடுக்கிறதையும், இங்க பியூரேரியாங்கிற பயறு வகைக் கொடி நல்லாவே செய்யும், மலையாளத்துல தோட்டப்பயறுன்னு சொல்வாங்களே அதுதான். விதை தோல் ரொம்ப கட்டி, அப்படியே போட்டா பாதி முளைக்காது, அதனால நல்ல சுடுதண்ணி ஊத்தி ஆறவிட்டு ராத்திரி பூரா ஊறவச்சு ஜூன் மழையோட விதைங்க. 2 ஏக்கருக்கு 3 கிலோ போதும். மாடு மேயுற இடம்னா முக்குனா பிராக்டியேட்டாங்கிற இன்னொரு பயறு வகைக் கொடி நல்லது, மாடு அத அவ்வளவா தொடாது, ஆனா படுவேகமா படரும், கன்னுல ஏறிட்டா நெரிச்சுப்போடும். எதைப் போட்டாலும் கன்னைச் சுத்தி வட்டமா கொடிய இழுத்து விட்டுக்கிட்டே இருங்க, தயவுசெஞ்சு இதுல மட்டும் அசட்டையா இருக்காதீங்க.