பயணத்தில் இயற்கைக் காட்சிப் படங்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: நேரில் பிரம்மாண்டமாகத் தெரியும் மலை, படத்தில் குட்டியாகிவிடுகிறதே?

பதில்: வைட் லென்ஸில், அதாவது அகலமான காட்சியைப் பிடிக்கும் லென்ஸில் எடுத்திருப்பீர்கள். அது கிட்டே இருப்பதைப் பெரிதாக்கி, தூரத்தில் இருப்பதைச் சிறுக்கவைத்துவிடும். லென்ஸின் குவியத் தூரத்தில் (ஃபோக்கல் லெங்த்) 24 மி.மீ.யை விட்டுவிட்டு 70, 100 என்று ஜூம் செய்து பாருங்கள், மலை சட்டத்தை நிறைக்கும். வைட்தான் வேண்டுமென்றால் முன்னால் ஒரு பாறையோ செடியோ தேடி, அதன் அருகில் குனிந்து எடுங்கள். நின்றபடி எடுத்தால் படத்தில் பாதி வெறும் தரைதான்.

கேள்வி: எந்த இடத்துக்குப் போனாலும் உச்சிவெயிலில்தான் போய்ச் சேருகிறோம். என்ன செய்யலாம் அண்ணா?

பதில்: தம்பி, பட்டியலில் பாதி இடங்களை அடித்துவிடுங்கள். நல்ல படத்துக்கு இதைவிடப் பெரிய உதவி எந்தக் கேமராவும் செய்யாது. உச்சிவெயிலில் நிழல் காலடியிலேயே விழுவதால் மேடுபள்ளம் தெரியாது. சூரியன் தாழ்ந்து பக்கவாட்டில் அடிக்கும்போதுதான் மலையின் ஒவ்வொரு மடிப்பும் நிழலோடு எடுத்துக்காட்டும். ஆகவே பகலில் கேமராவைத் தொடாமல் நடந்து பாருங்கள். எங்கே நிற்பது, வெயில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று முடிவுசெய்துகொண்டு மாலையில் அதே இடத்துக்குப் போங்கள். சூரியன் மறைந்ததும் கூட்டம் கிளம்பிவிடும். நீங்கள் இன்னும் 20 நிமிடமாவது இருங்கள். மேகம் இருந்தால் அதன் அடிவயிறு சிவப்பதும், பிறகு வானமும் நிலமும் ஒரே அளவு வெளிச்சத்துக்கு வருவதும் அப்போதுதான்.

கேள்வி: போலரைசர் வாங்கலாமா?

பதில்: லென்ஸின் முன்னால் மாட்டிச் சுழற்றும் ஃபில்டர் அது. ஒரே ஒரு ஃபில்டர் என்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஈர இலையிலும் தண்ணீரிலும் உள்ள பளபளப்பை எடுத்துவிடும். சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில் திரும்பினால் வானத்தின் நீலம் நன்றாக அடரும். வைட் லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுக்கும், கவனம்.

கேள்வி: ட்ரைபாட் இல்லாமல் அருவியைப் பட்டுப்போல எடுக்க முடியுமா?

பதில்: முடியும். பாறைமேல் பையை வைத்து, அதன்மேல் கேமராவை அழுத்தி வையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 100, ஷட்டர் (ஒளி உள்ளே வரும் நேரம்) 1/4 முதல் 1 நொடி, 2 நொடி டைமர். வெளிச்சம் அதிகமென்று லென்ஸின் துளையை மிகவும் சுருக்கி எஃப்/22க்குப் போகாதீர்கள், கூர்மை குறைந்துவிடும். எஃப்/11லேயே நின்று, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள். மேகமூட்டமான நாள் என்றால் அருவிக்கு அதுவே அதிர்ஷ்டம்.

கேள்வி: என்னிடம் மொபைல் மட்டும்தான்.

பதில்: போதும். முதலில் லென்ஸைத் துடையுங்கள். வானத்தின் பிரகாசமான இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) லாக் செய்யுங்கள். இருண்ட நிலத்தைப் பிறகு ஓரளவு மீட்கலாம், வெளுத்துப்போன மேகத்தை மீட்க வழியில்லை.

கேள்வி: ஓடும் பஸ்ஸிலிருந்து?

பதில்: ஷட்டர் 1/500 நொடி அல்லது அதைவிட வேகமாக இருக்கட்டும். லென்ஸைக் கண்ணாடியை ஒட்டிப் பிடித்தால் பிரதிபலிப்பு வராது. போலரைசரைக் கழற்றிவிடுங்கள், சில ஜன்னல்களில் வானவில் திட்டுகள் விழும்.