34 அடிப் படகு வாங்கலாமா? உப்புவெளித் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைத் திருகோணமலை உட்துறைமுக வீதிக் கட்டின்மேல் இருந்துகொண்டுதான் வாசித்தேன். லீவில் ஊருக்கு வந்து நிற்கிறேன். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் வந்து எட்டு மாதம், முதியோர் இல்லத்தில் வேலை, ஒரு அறைக்கு மாதம் 650 பவுண் வாடகை என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்து மரீனாவில் (படகுகள் கட்டி நிற்கிற துறையில்) 1984 இல் கட்டின 34 அடிப் பாய்மரப் படகு 9,500 பவுணுக்கு நிற்கிறது, அதை வாங்கி அதிலேயே குடியிருந்தால் வாடகை மிஞ்சும், ஒரு காலம் அதிலேயே திருகோணமலைக்கு வந்து சேரலாம், வாங்கட்டுமா என்பது உங்கள் கேள்வி.

இந்த வருசம் வாங்காதீர்கள். 2009 இல் சவுதாம்டனில் இதே ஆசையோடு நின்றவன் நான், எனக்குச் சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வாங்கினது 33 அடி, 11,000 பவுண். வெளியில் பெயின்ட் மினுங்கியது, உள்ளே மெத்தைத் துணி புதிது. படகைச் சோதிக்கிற சர்வேயர் ஒருவரை வைத்துப் பார்க்க 500, 600 பவுண் கேட்டார்கள், படகைத் தண்ணீரிலிருந்து தூக்கக் கிரேன் காசு வேறு. அதை மிச்சம் பிடித்தேன். நவம்பர் மழையில் படுக்கைக்கு மேலே ஒரு சொட்டு விழத் தொடங்கியது. பாய்மரத்தை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற கம்பிகளின் இரும்புப் பட்டை டெக்கை (மேல்தளத்தை) துளைத்து இறங்குகிற இடம் அது. பூசியிருந்த சீலன்ட் பசை காய்ந்து வெடித்து, எத்தனையோ வருசமாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் டெக் என்பது இரண்டு பைபர் தகட்டுக்கு நடுவே பல்சா மரம் வைத்தது. மேல் தகட்டைக் கை அகலத்துக்கு வெட்டித் திறந்தேன். மரம் இருக்கவேண்டிய இடத்தில் கறுத்து ஊறின பாண் போல ஒன்று விரலோடு வந்தது. பாய்மரத்தை இறக்கி, கம்பியெல்லாம் மாற்றி, டெக்கைத் திருத்தி முடிக்க இரண்டு மாரியும் 7,000 பவுணும் போயின. வீட்டுக்கு முற்பணம் கட்டச் சேர்த்த காசு தம்பி அது. விற்றவர்மேல் வழக்குப் போடவும் வழியில்லை, ‘உள்ளபடியே’ என்று கையெழுத்து வைத்திருந்தேன்.

இத்தனைக்கும் நான் திருக்கடலூர்க் கடற்கரைப் பிள்ளை. என் பெரியப்பா பழைய வள்ளம் விலை பேசப் போனால் முதலில் வாயைத் திறக்கமாட்டார். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை விரல் மொழியால் பலகையைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல பலகை ‘டொக்’ என்னும், உழுத்த பலகை ‘தொப்’ என்னும். பைபர் படகும் அப்படித்தான். ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் டெக்கைத் தட்டிக்கொண்டு போங்கள், பாய்மரத்து அடியிலும் கம்பி இறங்கும் இடத்திலும் நின்று தட்டுங்கள், காது சொல்லும். சின்ன வயதில் எனக்குத் தெரிந்திருந்த இந்த வித்தையை வெளிநாட்டுச் சாமானில் பாவிக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை. (லீவு கிடைத்தால் ஹார்ட்டில்பூல் போய் ‘ட்ரிங்கோமலி’ என்ற போர்க்கப்பலைப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பெயர், பம்பாயில் தேக்கில் கட்டி 1817 இல் இறக்கினது, இன்றும் மிதக்கிறது. அந்தத் தேக்கைத் தொட்டபோது எனக்குக் கண் கலங்கியது.)

எஞ்சினைப் பார்க்கப் போகிற அன்று ஸ்டார்ட் பண்ண முதல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் பிடிக்காத எஞ்சினை உங்களுக்காகக் காலையிலேயே ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அடிப்பக்கத்தில் சின்னக் கொப்புளம் இருந்தால் பயப்படத் தேவையில்லை, விலை பேச அது உதவும். படகின் அடியில் தொங்குகிற கனமான கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சுற்றித் துரு வழிந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். பத்திரத்தில், விற்பனைச் சீட்டுகள் முதல் சொந்தக்காரர் தொடங்கி ஒழுங்காக வருகின்றனவா, வாட் வரி கட்டின ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள். சிறு கப்பல் பதிவு அட்டை மட்டும் போதாது, அது உரிமைக்குச் சாட்சி இல்லை. கைக்காசு கொடுப்பதென்றாலும் ‘சர்வே சரிவந்தால்’ என்று எழுதித்தான் பத்து வீதம் கொடுக்க வேண்டும்.

வாடகைக் கணக்குக்கு வருவோம். தென்கரை மரீனாக்களில் மீட்டருக்கு இவ்வளவு என்று வருசக் கட்டணம். உங்கள் படகு பத்து மீட்டருக்கு மேல், அதனால் வருசத்துக்குச் சில ஆயிரம் பவுண். காப்புறுதி, தூக்கி அடி பெயின்ட் அடிக்கிற செலவு அதற்கு மேல். நிரந்தரமாகக் குடியிருக்கப் பல மரீனாக்கள் விடுவதில்லை. ஒளித்துக் குடியிருந்தால் வங்கிக்கும் டாக்டருக்கும் விசா அலுவலுக்கும் எந்த முகவரியைக் கொடுப்பீர்கள்? விசாவில் நிற்கிற பிள்ளை அந்த விளையாட்டுக்குப் போகக்கூடாது. இரவு வேலை முடித்து வந்து, சனவரியில், மூச்சுப்பட்ட ஈரம் கூரையில் கட்டி முகத்தில் சொட்டுகிற இடத்தில் பகல் நித்திரை கொள்வதையும் யோசியுங்கள்.

திருகோணமலைக் கனவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைக்கே போய்ச் சேர்ந்தது. அதை ஓட்டிப் போன எங்கள் ஆக்கள் கடலிலேயே வளர்ந்தவர்கள், கப்பலும் 89 அடி. செங்கடல் வழி, 2023 நவம்பரில் கப்பல்கள்மேல் தாக்குதல்கள் தொடங்கின பிறகு, பெரிய கப்பல்களே தவிர்த்து ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போன வழி. அதைத் தாண்டினாலும் வாடை மாதங்களில் ஏடனிலிருந்து கிழக்கே வருவது முழு எதிர்க்காற்று. இப்போது என் கண்முன்னே நங்கூரம் போட்டு நிற்கிற ஒல்லாந்துக் கொடி யாட் (பாய்மரப் படகு) மற்றப் பக்கமிருந்து, வாடையைப் பிடித்து, லங்காவியிலிருந்து பதினொரு நாள் ஓடி வந்தது. டீசல் கானோடு ஓட்டோவுக்கு நின்ற அந்த யாட்காரரோடு கதைத்தேன். கடலைக் கடக்க முதல் மலேசியாவில் பாய்மரக் கம்பி அத்தனையையும் புதுசாக மாற்றினாராம். பத்து வருசம் சின்னக் கடலில் ஓடிப் பழகித்தான் வெளிக்கிட்டார்களாம்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. போர்ட்ஸ்மவுத்துக்கு முன்னால் உள்ள சோலன்ட் கடல் பக்கம் கோடையில் கிழமைநாள் பின்னேரங்களில் யாட் ஓட்டப் போட்டிகள் நடக்கும். படகுக்காரருக்கு எப்போதும் ஆள் குறைவு. கிளப் வாசலில் போய் ‘கயிறு இழுக்க வரட்டுமா’ என்று கேளுங்கள். நான் என் படகை விற்ற பிறகுதான் அப்படிப் போகத் தொடங்கினேன். வேலையிடத்தில் பல வருசமாக ‘குட் மோர்னிங்’ தாண்டாத பேச்சு, ஒரே படகில் நனைந்த பிறகு வீட்டுக்கு வந்து சோறு தின்னும் அளவுக்குப் போனது. அம்மா செத்த கிழமை, என்னால் ஊருக்குப் போக முடியாமல் இருந்தபோது, வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள் அந்தப் படகு ஆக்கள்தான். உங்களுக்கு இப்போது அறை வாடகையைவிடப் பெரிய கஷ்டம் தனிமை என்று உங்கள் எழுத்தின் கடைசி வரியில் தெரிந்தது. அதற்கு மருந்து அங்கே இருக்கிறது, காசும் கேட்கமாட்டார்கள்.

சித்திரை வருசப்பிறப்பு முடியத் திரும்பி வருகிறேன். படகு அப்போதும் விற்காமல் நின்றால் ஒரு சனிக்கிழமை சேர்ந்து போய்த் தட்டிப் பார்ப்போம். அதற்கிடையில் விற்பவரிடம் ஒன்றை மட்டும் கேட்டு வையுங்கள்: பாய்மரக் கம்பி கடைசியாக எந்த வருசம் மாற்றினது, பற்றுச்சீட்டு இருக்கிறதா?