மினி டிராக்டர் கேள்வி பதில்: திறன் இருக்கட்டும், எடை எங்கே?

சிறிய டிராக்டர் வைத்திருப்பவர்களும் வாங்க எண்ணுபவர்களும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். குதிரைத்திறனைப் பற்றிப் பலர் கேட்டார்கள். எடையைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவருக்குத்தான் நீளமான பதில்.

கேள்வி: தோப்புக்குள் ஓட்ட 22 குதிரைத்திறன் போதுமா, 28 வேண்டுமா?

பதில்: முதலில் அளவு நாடாவோடு தோப்புக்குப் போங்கள். மர வரிசைகளின் இடைவெளி, மிகத் தாழ்ந்த கிளையின் உயரம், ஓரத்தில் வண்டி திரும்ப இருக்கும் இடம் மூன்றையும் அளந்தாலே பாதி மாடல்கள் கழிந்துவிடும். மிஞ்சியவற்றில் பி.டி.ஓ. (எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் பின்பக்கத் தண்டு) திறன் எவ்வளவு என்று கேளுங்கள். கத்திகள் சுழன்று மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைச் சுழற்றுவது அதுதான். எஞ்சின் திறனைவிட அது குறைவாகவே இருக்கும். கலப்பை இழுக்க எடையும் பிடிப்பும் வேண்டும். சக்கரம் வழுக்கினால் 28-உம் 22-உம் ஒன்றுதான்.

கேள்வி: உழும்போது பின்சக்கரம் வழுக்குகிறது. இரும்பு எடை மாட்டுவதா, டயரில் தண்ணீர் நிரப்புவதா?

பதில்: இரண்டுக்கும் முன்னால் கீழே இறங்கி டயர் விட்டுச் சென்ற தடத்தைப் பாருங்கள். பட்டைகளின் அச்சு முத்திரை குத்தியதுபோல் தெளிவாக இருந்தால் எடை கூடுதல். மண் இறுகும், டீசலும் வீண். அச்சே தெரியாமல் மண் கலைந்து கிடந்தால் எடை போதவில்லை. நடுவில் சற்றுக் கலைந்து, ஓரம் மட்டும் தெளிவாகத் தெரிவதே சரியான தடம். கொஞ்சம் வழுக்கத்தான் வேண்டும். வழுக்கலே இல்லாமல் உழுவது நல்லதென்று நினைப்பது தவறு.

தண்ணீர் மலிவு. வால்வை உச்சியில் நிறுத்தி, அந்த மட்டம் வரை நிரப்பினால் டயரில் முக்கால் பங்கு நிறையும். மேலே மிஞ்சும் காற்று அதிர்வைத் தாங்கும். முழுக்க நிரப்பிவிட்டு இடுப்பு வலிக்கிறது என்று சொல்லாதீர்கள். உறைபனி விழும் இடங்களில் வெறும் தண்ணீர் கூடாது. கால்சியம் குளோரைடு கரைத்தால் உறையாது, ஆனால் கசிந்தால் ரிம்மை அரித்துவிடும். வேலைக்கு வேலை எடையை மாற்றுகிறவர் என்றால் இரும்பு எடைதான் வசதி: வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். பஞ்சரான டயரிலிருந்து தண்ணீரை இறக்கிப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: மரக்கட்டையை இழுக்கும்போது முன்பக்கம் தூக்குகிறது. முன்னால் எடை மாட்டினால் போதுமா?

பதில்: சங்கிலியை எங்கே கட்டினீர்கள்? டாப் லிங்க் (கருவியின் மேல்முனையை வண்டியோடு இணைக்கும் கம்பி) இருக்கும் இடத்திலோ பின் அச்சிலோ கட்டியிருந்தால் முன் எடை உங்களைக் காப்பாற்றாது. கட்டை எங்காவது மாட்டிக்கொண்டு நின்றுவிட்டால், சக்கரம் சுழல்வதற்குப் பதிலாக வண்டியே அச்சைச் சுற்றிப் பின்னால் கவிழும். இரண்டு நொடிகூட ஆகாது. கிளட்சுக்குக் கால் போய்ச் சேராது. இழுப்பதை எப்போதும் வண்டியின் பின்னால் தாழ்வாக நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைக் கம்பியில் மட்டும் கட்டுங்கள். முன் எடை அதற்குப் பிறகுதான்.

கேள்வி: ரோட்டவேட்டரின் ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறது. கடினமான போல்ட் போடலாமா?

பதில்: நான் போட்டேன். அன்று அரை நாள் நிம்மதியாக ஓட்டினேன். பிறகு மண்ணுக்குள் கிடந்த ஒரு வேரில் கத்தி சிக்கியது. போல்ட் உடையவில்லை, கியர் பெட்டிக்குள் பல் உடைந்தது. ஷியர் போல்ட் உடைவதற்கென்றே செய்யப்பட்டது. கையேட்டில் சொன்ன தரத்திலேயே வாங்கி, நாலைந்தைக் கருவிப் பெட்டியில் போட்டு வையுங்கள். அடிக்கடி உடைந்தால் ஆழத்தைக் குறையுங்கள்.

கேள்வி: நான்கு சக்கர இழுவை வண்டி. பின்னால் மட்டும் பெரிய டயர் மாட்டலாமா?

பதில்: கூடாது. முன், பின் சக்கரங்களின் சுழற்சி விகிதம் டயர் அளவை வைத்தே அமைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும், தேய்மானம் கியர்களுக்கு.

கேள்வி: பி.டி.ஓ. தண்டு நீளமாக இருக்கிறது. வெட்டலாமா?

பதில்: வெட்டலாம், அளந்த பிறகு. கருவியை ஏற்றி இறக்கி, தண்டு மிகக் குறுகும் நிலையைக் கண்டுபிடித்துச் சாக்பீஸால் குறியிடுங்கள். அந்த நிலையிலும் முனை போய் முட்டக்கூடாது. மிக நீளும் நிலையிலும் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று போதிய அளவு செருகியிருக்க வேண்டும். உள்குழாய், வெளிக்குழாய், இரண்டின் பிளாஸ்டிக் உறை எல்லாவற்றிலும் ஒரே அளவு வெட்டி, பிசிறை அரத்தால் ராவி, கிரீஸ் தடவுங்கள். உறையைத் திரும்ப மாட்டாமல் ஓட்டாதீர்கள். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9. சட்டை நுனி சிக்கினால் கை எடுக்க நேரமில்லை.

கேள்வி: கிளை இடிக்கிறது என்று பாதுகாப்பு வளைவைக் கழற்றிவிட்டேன். சரிதானே?

பதில்: இல்லை. வண்டி கவிழ்ந்தால் உங்களைக் காப்பது அந்த வளைவுதான். மடக்கக்கூடிய வளைவு உங்கள் மாடலுக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். நிமிர்த்தியிருக்கும்போது சீட் பெல்ட் கட்டாயம், மடக்கியிருக்கும்போது கட்டக்கூடாது. வளைவில் விளக்கு மாட்டத் துளை போடுவதும் வேண்டாம், பட்டைக் கிளிப் போதும்.

கேள்வி: பழைய வண்டி பார்க்கப் போகிறேன். எதைப் பார்ப்பது?

பதில்: போனதும் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே கிளப்பி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த பிறகு மறுபடி போங்கள். எஞ்சின் ஓடிய மணிநேரத்தைச் சொல்லும் மணிக்கணக்கு மீட்டர் குறைவாகக் காட்டி, கிளட்ச் மிதி வழுவழுவென்று தேய்ந்திருந்தால் மிதியை நம்புங்கள். கடைசியாக, கருவியைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு விலை பேசுங்கள். பேசி முடிவதற்குள் கருவி தரையைத் தொட்டிருந்தால், ஹைட்ராலிக் வேலைக்கான செலவையும் விலையில் கழித்துப் பேசலாம்.